அந்தக் கழுதை நான்தான்!

அவைத் தலைமையை அணி செய்து வீற்றிருக்கும், அடுத்தவர் பேசும்போது கைக்கடிகாரத்தை ஏறெடுத்தும் பார்க்காத அரும்பண்பாளர், நம் தலைவர் அவர்களே! பார்த்துவிட்டீர்களா ஐயா? பரவாயில்லை. தலைவர் பட்டம் இருக்கட்டும், அரும்பண்பாளர் பட்டத்தை மட்டும் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

முன்வரிசைக்கே முகப்பொலிவு தந்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே! "உங்க பொண்ணு என்ன வேலை பாக்குது?" என்று அக்கம்பக்கம் கேட்கும்போதெல்லாம், "ஏதோ வரையுதுங்க, வீட்லதான் இருக்கு" என்று பெருமூச்சைப் பதிலாகத் தந்தாலும், நம் பசியறிந்து பரிமாறத் தவறாத தாய்மார்களே!

சுவரளவு ஓவியம் வரைந்து, எறும்பளவு கையெழுத்துப் போடும் ஓவியர்களே! ஊரார் குடும்பத்தையெல்லாம் படம் எடுத்து, தங்கள் குடும்பப் படத்தில் மட்டும் காணாமல் போன புகைப்படக் கலைஞர்களே! மணப்பெண்ணின் உடையை இழை இழையாய் இழைத்துவிட்டு, விருந்தில் "நீங்க யாரு?" என்று கேட்டால் "சும்மா வந்தேங்க" என்று சொல்லும் உடை வடிவமைப்பாளர்களே! எழுதிய கதையை எவர் கண்ணிலும் படாமல் தலையணைக்கு அடியில் தாலாட்டும் எழுத்தாளர்களே! உங்கள் அத்தனை பேருக்கும் என் வணக்கம், வணக்கம், வணக்கம்!

சுயமாகத் தொழில் செய்யும் கலைஞர்களின் சங்கம் இது. ஆண்டு விழா இது. "நம்மைப் பற்றி நாமே சொல்லிக்கொள்வது எப்படி?" என்ற தலைப்பைத் தந்து என்னைப் பேச அழைத்திருக்கிறீர்கள். அழைக்க வந்த செயலாளர் அம்மாவிடம், "வேற யாரும் கிடைக்கலையாம்மா?" என்று கேட்டேன். அவர் என்னையே உற்றுப் பார்த்தார். "கேட்டோம்மா. எல்லாரும் கூச்சமா இருக்குன்னுட்டாங்க" என்றார். அதனால்தான், அன்பர்களே, அழகான தமிழ் பேசும் ஆயிரம் பேர் இருக்கையில், அடியேன் இந்த ஒலிவாங்கிக்கு முன் நிற்கிறேன்.

நான் யார்?

நான் ஒரு குரல் கலைஞர். இதைச் சொன்னதும், "பாட்டா?" என்பார்கள். பாட்டு இல்லை. "செய்தி வாசிப்பா?" அதுவும் இல்லை. திரைப்படத்தில் ஆடு கத்தும், ஆந்தை அலறும், நாய் குரைக்கும், நரி ஊளையிடும். பூனை பசியில் ஒரு மாதிரி கத்தும், பொறாமையில் வேறு மாதிரி கத்தும். அந்த ஆடு நான். அந்த ஆந்தை நான். பசித்த பூனையும் நான், பொறாமைப் பூனையும் நான். நாற்கால் பிராணிகளுக்கெல்லாம் நாக்கை வாடகைக்கு விடும் நங்கை நான்!

நன்றி, நன்றி. கை தட்டலைக் கொஞ்சம் மிச்சம் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

எங்கள் ஒலிப்பதிவு அறை சின்னது. சுவர் முழுக்கப் பஞ்சு ஒட்டியிருக்கும். மெத்தைக்குள் புகுந்து நிற்பதுபோல் இருக்கும். உள்ளே போகும்முன் வளையலைக் கழற்ற வேண்டும். மின்விசிறி ஓடக்கூடாது. வெறும் வயிற்றோடு போனால் வயிறு உறுமும், நிறையச் சாப்பிட்டுப் போனால் ஏப்பம் முந்தும். ஒரு நாள், புலி புதருக்குள் பதுங்கி வரும் காட்சி. நான் வாய் திறப்பதற்குள் என் வயிறு உறுமிவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எங்கள் ஒலிப்பதிவாளர் இருந்தார். எந்நேரமும் எதையாவது அழுத்திக்கொண்டே இருப்பதால் அவரைப் பொத்தான் அண்ணன் என்போம். அவர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டி, "பிரமாதம்மா! இதையே வச்சுக்கலாம்" என்றார். அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் பயந்து நடுங்கியது எந்தப் புலிக்கும் இல்லை, என் இரைப்பைக்கு!

இப்படி யானை முதல் எலி வரை எல்லாக் குரலும் எனக்கு வரும். ஒரே ஒரு உயிரினத்தின் குரல் மட்டும் வரவே வராது. எது சொல்லுங்கள்? ஒட்டகமா? இல்லை. ஓநாயா? இல்லை. மயிலா? அது முந்தாநாள்கூடச் செய்தேன். யார் அது பின்னால், மீன் என்பது? ஐயா, நல்ல முயற்சி. உட்காருங்கள்.

எனக்கு வராத குரல், என் குரல்! "நான் இன்னார். இன்ன வேலை செய்கிறேன். நன்றாகச் செய்கிறேன்." இந்த மூன்றே மூன்று வாக்கியம் என் தொண்டைக்குழியை விட்டு ஏறி வர மறுத்தது. 'தன்னைத் தானே சொல்லிக்கொள்வதா? தம்பட்டம் அடிப்பதா? நிறைகுடம் தளும்புமா?' என்றெல்லாம் உள்ளே ஒருத்தி உட்கார்ந்து ஓதிக்கொண்டே இருந்தாள்.

முயலாமல் இல்லை. முகவரி அட்டை அச்சடித்தேன். பெயரைப் பெரிதாகப் போட்டால் பெருமை பேசுவதாக நினைப்பார்களே என்று, எழுத்தை எவ்வளவு சிறிதாக்க முடியுமோ அவ்வளவு சிறிதாக்கச் சொன்னேன். அதைக் கொண்டுபோய் ஒரு தயாரிப்பாளரிடம் நீட்டினேன். அவர் தூரத்தில் வைத்துப் பார்த்தார், பக்கத்தில் வைத்துப் பார்த்தார், ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். கடைசியில், "கண் ஆஸ்பத்திரி நடத்துறீங்களாம்மா?" என்று கேட்டார். நான் என்ன சொன்னேன்? "ஆமாங்க" என்றேன். மறுக்கக்கூட எனக்குக் கூச்சம்!

இன்னொரு ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போன் செய்தேன். எடுத்தவர், "யார் பேசறது?" என்றார். எளிய கேள்வி, இரண்டே சொல். பயத்தில் என் தொண்டை எது தெரியுமோ அதைச் செய்துவிட்டது. சேவல்போல் கூவிவிட்டேன்! அந்தப் பக்கத்திலிருந்தவர், "கோழிப் பண்ணைங்களா? தப்பான நம்பருங்க" என்று வைத்துவிட்டார்.

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். மனிதர்களை மேலே ஏற்றுவதே தொழிலாகக் கொண்டவர். அவர் சொன்னார், "இப்பெல்லாம் வீடியோ போடணும். உக்காரு, நான் எடுக்கறேன்." பரணுக்குக் கீழே, திரைச்சீலைக்கு முன்னால் என்னை உட்கார வைத்துச் செல்போனைப் பிடித்தார். நான் தொடங்கினேன்: "வணக்கம். நான்... நான்... ம்ம்ம்மா!"

"என்ன இது? பேரைச் சொல்லச் சொன்னா மாடு மாதிரி கத்தறே?"

"மாடு மாதிரி கத்தறதுதாங்க சுலபமா இருக்கு."

"அப்போ மாட்டுக்குத்தான் வேலை கிடைக்கும்" என்றார். விளையாட்டாகச் சொன்னார். வினையாகவே முடிந்தது, கேளுங்கள்.

அதற்கு முன் என் அக்காவை உங்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டும். துணிக்கடையில் விற்பனைப் பகுதியில் வேலை. எனக்கு நேர் எதிர். அக்கா சுவரில் ஆணி அடித்தால் தெருவுக்கே செய்தி போகும். வெந்நீர் வைத்தாலும், "என் கைப்பக்குவமே தனி" என்பாள். ஒரு நாள் என்னை உட்கார வைத்துக் கேட்டாள்.

"வாயுள்ள பிள்ளைதான்டி பிழைக்கும். உனக்கு என்ன குறை?"

"எனக்கு இல்லாத வாயாக்கா? ஆட்டு வாய், மாட்டு வாய், முதலை வாய், எல்லாம் இருக்கே."

"அதான் கேக்கறேன். உன் வாய் எங்கடி?"

அது இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

இந்தச் சமயத்தில்தான் வந்தது அந்தப் படம். ஒரு கிழவர், ஒரு கழுதை. வாழ்நாள் முழுக்க ஒன்றாய்ச் சுமந்தவர்கள், ஒன்றாய்ச் சுருண்டு படுத்தவர்கள். கடைசியில் வேறு வழியின்றிக் கிழவர் கழுதையை இன்னொருவரிடம் விட்டுவிட்டுத் திரும்பிப் பாராமல் நடக்கிறார். அப்போது கழுதை கத்த வேண்டும். கூப்பிடுவதுபோல் கத்த வேண்டும். படத்தின் உயிரே அந்த ஒரு கத்தலில்தான்.

கழுதைக் கத்தல் எளிது என்று நினைக்கிறீர்களா? மூச்சை உள்ளே இழுக்கும்போது ஒரு குரல், வெளியே விடும்போது இன்னொரு குரல். இழுக்கும்போது 'ஹீ', விடும்போது 'ஹா'. எதிரொலிக்காக ஒரு பிளாஸ்டிக் வாளிக்குள் தலையை விட்டுக்கொண்டு கத்தினேன். காலையிலிருந்து கத்தினேன். சரியாகத்தான் கத்தினேன். ஆனாலும் பொத்தான் அண்ணன் கண்ணாடிக்குப் பின்னால் தலையை ஆட்டினார். "கழுதை இருக்கும்மா. அழுகை இல்ல."

வாளியை எடுத்து வைத்துவிட்டுச் சற்று நின்றேன். சின்ன வயதில் அப்பா என்னை விடுதிப் பள்ளியில் விட்டுவிட்டுப் போன நாள் நினைவுக்கு வந்தது. இரும்புக் கேட்டுக் கம்பிக்குள் முகத்தை வைத்துக்கொண்டு, அவர் சட்டை முதுகு தெருமுனையில் மறையும் வரை பார்த்தேன். கூப்பிட நினைத்தேன். மற்ற பிள்ளைகள் பார்க்கிறார்களே என்று கூப்பிடவில்லை. அன்று கூப்பிடாததை, அந்த வாளிக்குள், கழுதையின் குரலில் கூப்பிட்டேன்.

நிமிர்ந்தால், பொத்தான் அண்ணன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் எந்தப் பொத்தானையும் அழுத்தாமல் இருந்து நான் பார்த்தது அன்றுதான்.

சரி, சரி. யாரோ மூக்கை உறிஞ்சுகிறீர்கள். கண்ணைத் துடையுங்கள், இனிமேல்தான் கூத்து!

படம் முடிந்தது. திரையில் வரும் பெயர்களைத் தயாரிப்பவர் எனக்குப் போன் செய்தார்.

"கழுதைக்குக் குரல் யாருங்க? பேர் போடணும்."

அன்பர்களே, அதிர்ஷ்டம் கதவைத் தட்டவில்லை, கைப்பேசியில் அழைத்தே கேட்கிறது. நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? என்ன சொன்னேன்?

"அய்யோ, அதெல்லாம் எதுக்குங்க."

"எதையாவது போடணும்மா. இடம் விட்டு வச்சிருக்கேன்."

"கழுதைதானேங்க கத்துது. கழுதை கத்தினதாவே இருக்கட்டுங்க."

நான் அடக்கத்தில் சொன்னேன். அவர் அப்படியே நம்பிவிட்டார். படம் வெளியான அன்று தியேட்டர் இருட்டில், அத்தனை பெரிய திரையில், அழகான எழுத்தில் வந்தது: "கழுதைக்குக் குரல்: கழுதை".

வீட்டுக்காரர் வாய்க்குள் போட்ட சோளப்பொரியை மெல்லாமல் என்னைப் பார்த்தார். "உன் பேர் வரலையே?"

"வந்துச்சுங்க."

"எங்க?"

"இப்பத்தான் போச்சு. கழுதைன்னு."

அவர் சோளப்பொரிப் பொட்டலத்தை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான், "எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல" என்றார்.

படமோ ஓடு ஓடென்று ஓடியது! கூட்டம் கூட்டமாய் வந்தார்கள், குடம் குடமாய் அழுதார்கள். அந்தக் கத்தல் வரும் காட்சியில் அரங்கமே அடக்க முடியாமல் விம்மியது. பத்திரிகைகள் எழுதின: "இந்தக் கழுதையின் குரலில் உள்ள கனிவு எந்தக் கல்லூரியிலும் கற்றதல்ல." தொலைக்காட்சியில் நால்வர் அமர்ந்து, கழுதைக்கு இருப்பது பிறவித் திறமையா, பயிற்சியா என்று பட்டிமன்றம் நடத்தினார்கள். முகம் சுளிக்க வைக்கும் எதையும் இந்தக் குரல் செய்யவில்லை என்று ஒருவர் உருகினார். நான் சோபாவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தோஷமாகவும் இருந்தது, சங்கடமாகவும் இருந்தது. கழுதையைப் பார்த்துப் பொறாமைப்படும் நிலை எதிரிக்கும் வரக்கூடாது, தாய்மார்களே!

அடுத்து விழுந்தது அடி. பொத்தான் அண்ணன் வீட்டுக்கே வந்தார். தேநீரைக்கூடத் தொடவில்லை.

"டைரக்டர் அடுத்த படம் எடுக்கறாரும்மா. காடு, மேடு, பூரா மிருகம்தான்."

"நல்ல சேதிதானேண்ணே! எனக்கு வருஷம் பூரா வேலை!"

"அதான் இல்ல. ஒலிப்பதிவு பக்கமே வராத மனுஷன், திரையில வந்த பேரை அப்படியே நம்பிட்டார். நிஜ மிருகங்களையே பேச வைக்கப் போறாராம். 'ஒரு கழுதையே இந்தப் போடு போட்டுச்சு, இனிமே குரல் கொடுக்க மனுஷங்க எதுக்கு?'ன்னு சொல்லிட்டார். படத்தோட வெற்றி விழாவுல அறிவிக்கப் போறார்."

கேட்டீர்களா கொடுமையை? என் வாய்ப்பை இன்னொரு கலைஞர் பறிக்கவில்லை. இயந்திரம் பறிக்கவில்லை. என் கழுதைதான் என் வேலையைப் பறித்தது. அந்தக் கழுதையும் நான்தான்! யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்கள். நான் வண்டி வைத்துக் கொட்டிக்கொண்டேன்.

"நீங்க சொல்லக்கூடாதாண்ணே?" என்று கேட்டேன்.

"நான் சொன்னேம்மா. 'உன் ஆளுக்கு வேலை வாங்கித் தர்றதுக்காகக் கழுதை பேரைக் கெடுக்காதே'ன்னு என்னையே திட்டறார். நீ வந்து சொல்லு." போகும்போது கதவருகே நின்று ஒரு வார்த்தை சேர்த்தார். "அது உன் அழுகைம்மா. அதைக் கழுதைக்குக் கொடுத்துடாதே."

வெற்றி விழா. பெரிய விடுதியின் பளபளக்கும் கூடம். பொத்தான் அண்ணனின் அழைப்பில் நான், வீட்டுக்காரர், அக்கா மூவரும் போய்க் கடைசி வரிசையில் ஒதுங்கினோம். மேடையில் விளக்கு வெள்ளம். அதன் நடுவே, கழுத்தில் பட்டுக் குஞ்சலம் கட்டி, குளம்புக்கு மெருகு போட்டு நின்றாள் சீமாட்டி. சீமாட்டி என்பது கழுதையின் பெயர். நானே சொல்கிறேன், கம்பீரமாகத்தான் இருந்தாள். பக்கத்தில் அவளை வளர்க்கும் கழுதைக்காரர், புதுச் சட்டையில் வியர்த்து நின்றார்.

டைரக்டர் பூங்கொத்தைக் கொடுத்தார். சீமாட்டி அதை வாங்கிச் சாப்பிட்டாள். அவை சிரித்தது. பாராட்டுப் பத்திரத்தைக் கொடுத்தார். அதையும் சாப்பிடப் பார்த்தாள். பிறகு டைரக்டர் ஒலிவாங்கியை அவள் வாய்க்கு அருகே கொண்டுபோய், குழந்தையிடம் கேட்பதுபோல் கேட்டார்.

"சீமாட்டிக் கண்ணு, எல்லாருக்காகவும் அந்தக் கத்தலை ஒரே ஒரு தடவை... ம்?"

சீமாட்டி பூங்கொத்தின் மிச்சத்தை மென்றாள்.

"ஒரே ஒரு தடவைம்மா."

சீமாட்டி நிதானமாகத் திரும்பி, தன் பின்பக்கத்தை அவைக்குக் காட்டி நின்றாள்.

கழுதைக்காரர் முகம் வெளுத்துவிட்டது. அக்கா என் தொடையில் கிள்ளினாள். "கத்துடி!"

"இங்க எப்படிக்கா கத்தறது?"

"கழுதை மாதிரிதான்!"

கிள்ளிய வலியா, கழுதைக்காரர் மேல் இரக்கமா, இல்லை தொழில் பழக்கமா, அறியேன். முன் நாற்காலியின் முதுகுக்குப் பின்னால் குனிந்துகொண்டு கத்திவிட்டேன். கூடமே குலுங்கியது! எழுந்து நின்று தட்டினார்கள். யாருக்கு? சீமாட்டிக்கு! டைரக்டர் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு கண்ணீர் விட்டார். "பாத்தீங்களா! திரும்பி நின்னுக்கிட்டே கத்தறா! வாய்கூட அசையலை! இதுதாங்க கலை! என் அடுத்த படத்துல மனுஷக் குரலே கிடையாது!"

அந்தச் சொல் காதில் விழுந்ததும் நான் எழுந்துவிட்டேன். துணிச்சல் என்று எண்ணிவிடாதீர்கள். கை குளிர்ந்துவிட்டது. உள்ளே இருந்தவள் வழக்கம்போல் ஓதினாள்: 'உட்கார், உட்கார்.' வெளியேயும் ஒருவர், "உக்காருங்கம்மா, கழுதை தெரியலை!" என்றார். உட்காரவில்லை. நாற்காலிகளுக்கு நடுவே நடந்தேன். வாழ்நாளிலேயே மிக நீளமான நடை அது. மேடை ஏறியதும் டைரக்டர் கனிவாகச் சொன்னார், "ஆட்டோகிராஃபாம்மா? அவளுக்குக் கையெழுத்துப் போட வராதும்மா."

ஒலிவாங்கி என் முன்னால். அவை முழுவதும் என் முன்னால். வாயைத் திறந்தேன். சேவல் வந்தது, விழுங்கினேன். மாடு வந்தது, விழுங்கினேன். ஒரு தவளைகூட எட்டிப் பார்த்தது, அதையும் விழுங்கினேன். எல்லாம் போன பிறகு, அடியிலிருந்து, கொஞ்சம் கரகரப்பாக, எனக்கே பழக்கமில்லாத ஒரு குரல் வந்தது.

"அது... நான்."

"எதும்மா?"

"கழுதை."

கூடம் கொல்லென்று சிரித்தது. சிரிக்கட்டுமே! ஒரு தடவை சொன்னவளுக்கு இரண்டாம் தடவை கஷ்டமா?

"அந்தக் கழுதை நான்தான்! படத்துல கத்தினது நான். இப்பக் கத்தினதும் நான். ரெண்டு தடவையும் நல்லாக் கத்தினேன்!"

கடைசி வரிசையில் என் வீட்டுக்காரர் நாற்காலி மேல் ஏறி விசில் அடித்தார். பொத்தான் அண்ணன் கை தூக்கி, "சத்தியமாங்க!" என்றார். டைரக்டரோ சந்தேகத்தோடு பார்த்தார். "அப்ப இங்கயே, எல்லாரும் பாக்க, கத்துங்க பாப்போம்."

குனியவில்லை, ஒளியவில்லை. வாளியும் இல்லை. நிமிர்ந்து நின்று, முகத்தை எல்லோருக்கும் காட்டி, உள்ளே இழுத்தேன், வெளியே விட்டேன்.

அவை அப்படியே அடங்கியது. அந்த அமைதியில் ஒரு அதிசயம் நடந்தது. அதுவரை முதுகைக் காட்டி நின்ற சீமாட்டி மெல்லத் திரும்பினாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள். காதை விடைத்தாள். வாயைப் பிளந்தாள். "ஹீ...ஹா!" என்று பதிலுக்குக் கத்தினாள், பாருங்கள்! விளக்குகள் அதிர்ந்தன!

எனக்கு முன்னால் அழுதுவிட்டவர் கழுதைக்காரர். ஒலிவாங்கியைப் பிடுங்கிக்கொண்டு தேம்பினார். "பொறந்ததுலேர்ந்து இவ கத்தினதே இல்லைங்க! ஊமைன்னு நெனச்சுதான் வளர்த்தேன். எல்லாரும் இவ குரல் இவ குரல்னு பாராட்டும்போது, இல்லைன்னு சொல்லவும் முடியாம, ஆமான்னு சொல்லவும் முடியாம செத்துக்கிட்டிருந்தேங்க. அம்மா, நீங்க என்ன சொன்னீங்களோ தெரியல, என் பொண்ணு பேசிட்டாங்க!"

டைரக்டர் என்னையும் கழுதையையும் மாறி மாறிப் பார்த்தார். "உங்க பேர் என்னம்மா?" என்றார்.

அவையோரே, சொன்னேன்! முழுப் பெயரையும் சொன்னேன். தொழிலைச் சொன்னேன். போன் நம்பரையும் சொன்னேன். எழுதிக்கொள்ள வசதியாக இரண்டு தடவை சொன்னேன். அக்கா வரிசை வரிசையாகப் போய், "என் தங்கச்சிதாங்க கழுதை, சொந்தத் தங்கச்சி" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

பிறகென்ன? அடுத்த படத்தில் காண்டாமிருகம் முதல் கானகத்துத் தேனீ வரை நானே. பெயர்களைத் தயாரிப்பவர் மறுபடி போன் செய்தார். "எழுத்து எவ்வளவு பெருசா இருக்கணும்?" என்றார். "கடைசி வரிசையில கண்ணாடி போடாதவருக்கும் தெரியணுங்க" என்றேன். கழுதைக்காரர் மட்டும் மாதாமாதம் என்னிடம் புகார் சொல்கிறார். "அன்னைக்கு ஆரம்பிச்சவ இன்னும் நிறுத்தலைங்க. பொழுது விடிஞ்சா போதும், அவ புகழை அவளே பாடறா. நீங்கதானே ஆரம்பிச்சு வச்சீங்க, கொஞ்சம் சொல்லக்கூடாதா?" நான் எப்படிச் சொல்வேன்? இத்தனை காலம் அடக்கிய குரல், கொஞ்ச நாள் கத்தட்டுமே!

இப்போது நீங்கள் கேட்கலாம். கூச்சம் போய்விட்டதா? போகவில்லை, அன்பர்களே. இந்த மேடை ஏறும்போதும் கை குளிர்ந்துதான் இருந்தது. தலைவர் கை குலுக்கியபோது, "ஐஸ் பெட்டியிலிருந்தாம்மா வர்றீங்க?" என்று கேட்டார். கூச்சம் இருக்கட்டும். அது நம் வண்டியில் கூடவே வரட்டும். முன்னிருக்கையில் மட்டும் உட்கார வைக்காதீர்கள், ஓட்டவும் விடாதீர்கள்.

நிறைகுடம் தளும்பாது என்கிறார்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் குடத்தை மூடி, மூலையில் வைத்து, மேலே கோணியும் போர்த்திவிட்டால், தாகத்தோடு வருபவனுக்கு எப்படித் தெரியும் அது நிறைகுடம் என்று? அவன் நாக்கு வறண்டு போவது நம் அடக்கத்தின் சிறப்பா? இல்லாததைச் சொன்னால் தம்பட்டம். இருப்பதைச் சொன்னால் தகவல்! வரைந்தவர் வரைந்தேன் என்று சொல்வது தற்பெருமையா? தைத்தவர் தைத்தேன் என்று சொல்வது தலைக்கனமா? நாம் சொல்லாத பெயர் காற்றில் கரைந்து போகாது, தோழர்களே. அந்த இடத்தில் வேறு யாரோ வந்து உட்காருவார்கள். என் இடத்தில் கழுதை உட்கார்ந்தது. உங்கள் இடத்தில் எது உட்காரப் போகிறதோ!

முடிக்கும்முன் ஒரே ஒரு கேள்வி. என் முதுகுக்குப் பின்னால், இந்த மேடைத் திரையில், கடலும் படகும் விடியலுமாக ஓர் ஓவியம் தொங்குகிறதே, வந்ததிலிருந்து நீங்கள் என்னைப் பாதியும் அதைப் பாதியுமாகப் பார்க்கிறீர்களே, இதை வரைந்தது யார்?

யாரும் இல்லையா? தானே முளைத்ததா? கழுதை வரைந்ததா?

ஆ! அதோ, தூணுக்குப் பக்கத்தில் ஒரு கை. பாதிதான் ஏறியது, அதற்குள் தலைமுடியைச் சரிசெய்வதுபோல் நடிக்கிறது! பார்த்துவிட்டேன் அம்மா, பார்த்துவிட்டேன். எழுந்திருங்கள். கொஞ்சம் வழி விடுங்கள் அவருக்கு. நீங்கள்தானே வரைந்தீர்கள்? தலையை ஆட்டினால் போதாது. ஒலிபெருக்கிக்காரரே, அந்தக் கம்பியில்லாத மைக்கை அங்கே கொடுங்கள்.

சொல்லுங்கள் அம்மா. உங்கள் பெயர்?

கேட்கவில்லை.

தலைவர் காதில் விழவில்லை, இன்னும் கொஞ்சம்.

பின்வரிசைக்குப் போகவில்லை அம்மா, மூச்சை உள்ளே இழுத்து, வெளியே விடுங்கள்!

கேட்டது! எல்லோருக்கும் கேட்டது! தட்டுங்கள், மிச்சம் வைத்த கைதட்டலையெல்லாம் இப்போது தட்டுங்கள்! அம்மா, உட்காராதீர்கள், போன் நம்பரையும் சொல்லிவிடுங்கள், எழுதிக்கொள்ளப் பலர் காத்திருக்கிறார்கள். நான் அவருக்கு வழிவிட்டு இறங்குகிறேன். பொறுமையோடு கேட்ட பெரியோர்க்கும், போதும் என்று சீட்டு அனுப்பாத தலைவர்க்கும், சிரித்து என்னைச் சிறப்பித்த தாய்மார்க்கும், பெயர் சொல்லப் போகும் அத்தனை கலைஞர்க்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. வணக்கம்!